நாளைக்கு ரெண்டு மாத்திரை

டாக்டர் தபீதாள் ஜீவரத்தினத்திடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களைக் கேட்டால், மருந்தைப் பற்றி அப்புறம்தான் பேசுவார்கள். முதலில் தாங்கள் வாங்கிய திட்டைச் சொல்வார்கள். அதையும் ஏதோ பரிசு வாங்கியது போலப் பெருமையாகச் சொல்வார்கள். விமானப்படை அதிகாரியின் மனைவியும் அந்த அம்மாவிடம் திட்டு வாங்கினார், சேலையூரிலிருந்து கீரைக்கூடையோடு வருகிறவளும் வாங்கினாள். "ஜுரத்தோட குளிக்கச் சொன்னது யாரு? நானா? உன் மாமியாரா? அப்ப மருந்தையும் அவங்ககிட்டயே வாங்கிக்கோ" என்று உள்ளே சத்தம் கேட்கும். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் தங்கள் முறைக்கு என்ன கிடைக்கப்போகிறதோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை, கிழக்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுக்கு எதிர் வீடு எங்களுடையது. என் பெயர் ஜெயசீலி. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் கணவர் சொல்வார். அவரோடு நான் ஒத்துப்போகும் சில விஷயங்களில் அது ஒன்று. என்னிடம் ஒரு டைப்ரைட்டர் இருந்தது. அதனால் சர்ச் கமிட்டிக் கடிதம், மாற்றல் கேட்கும் மனு, ரயில்வேக்கு எழுதும் புகார் எல்லாம் என் தலையில்தான் வந்து விழும். அக்காவின் விஷயமும் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

அக்கா எல்.எம்.பி. படித்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டம் கொடுக்காமல் வைத்தியம் செய்ய அனுமதி மட்டும் கொடுத்த படிப்பு அது. பின்னால் வந்த எம்.பி.பி.எஸ். டாக்டர்களில் சிலர் இவர்களை டாக்டர் என்று கூப்பிடவே யோசிப்பார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டின் முன்னறைதான் டிஸ்பென்சரி. கம்பவுண்டர் கிடையாது, மாத்திரையை அவரே கவரில் போட்டுக் கொடுப்பார். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு போட்டு, நோயும் மருந்தும் எழுதி, பிஸ்கட் டின்களில் அகர வரிசையில் அடுக்கி வைப்பார். ராத்திரி பகல் என்று பார்க்காமல் பெரும்பாக்கம், மேடவாக்கம் வரைக்கும் பிரசவத்துக்குக் குதிரை வண்டியில் போய் வந்தவர். நான் பார்த்த மனிதர்களில் இவரைப் போல் உழைத்தவர் வேறு யாரும் இல்லை என்று சொன்னால் அது மிகையில்லை.

அறுபத்தேழாம் வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவருக்கு மெட்ராஸிலிருந்து ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சில் அனுப்பியிருந்தது. பெரும்பாக்கத்தில் விவசாயம் செய்யும் சுப்பராயலு என்பவர் உங்கள் மீது புகார் கொடுத்திருக்கிறார், அதற்கு உங்கள் பதில் என்ன, ஏன் உங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. பெயரை நீக்கினால் வாசலில் தொங்கும் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். அதற்குப் பிறகு ஒரு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தாலும் குற்றம்.

புகார் இதுதான். சுப்பராயலுவின் மகள் தையல்நாயகிக்குப் பதினேழு வயது. வலிப்பு வந்து அக்காவிடம் கூட்டிவந்தார். அக்கா பார்த்து, ஒரு கவர் நிறைய மாத்திரை கொடுத்து அனுப்பினார். சில வாரம் கழித்து அந்தப் பெண் அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தபோது மறுபடி வலிப்பு வந்து விழுந்தாள். இடது கை அடுப்புக்குள் போய்விட்டது. மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். கையில் விரல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அங்கேதான் யாரோ, "வலிப்பு மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "டாக்டரம்மா ரெண்டுதான் குடுக்கச் சொன்னாங்க" என்று சுப்பராயலு சொல்லியிருக்கிறார். "எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்று அவரை விரட்டியிருக்கிறார்கள். அவர் ஒரு மனு எழுதுகிறவரைப் பிடித்து, நடந்ததைச் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்.

தபாலோடு வந்த மனுவின் நகலை நான் படித்தேன். மனு எழுதினவரின் ஆங்கிலத்தைத் திருத்தினால் என் சிவப்பு மை தீர்ந்துபோகும். அதில் ஒரு வரி: அந்த அம்மாள் நாளைய தினம் இரண்டு மாத்திரை கொடுக்கும்படி உத்தரவிட்டாள், நான் அப்படியே கொடுத்தேன். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"எவ்வளவு துணிச்சலாப் பொய் சொல்றான் பாருங்கக்கா! ஒரு கவர் மாத்திரையக் குடுத்துட்டு யாராவது ரெண்டு மட்டும் போடுன்னு சொல்லுவாங்களா?"

அக்கா கார்டைத் தேடி எடுத்தார். தினம் இருவேளை, ஒவ்வொன்று என்று டாக்டர்கள் எழுதும் சுருக்கெழுத்தில் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்தும் அவர் முகம் தெளியவில்லை.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்காளாம்?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியில மாத்திரை குடுக்கறாங்க, இப்ப வலிப்பு இல்லைன்னு இதுலயே எழுதியிருக்கு. உங்க கதியப் பாருங்கக்கா முதல்ல."

"கை போச்சே ஜெயா" என்றார்.

செய்தி தாம்பரம் மார்க்கெட் வரை போய்விட்டது. அரிசி மண்டி துரைராஜ் சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் பிறந்ததிலிருந்து அக்காவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன்.

"இன்னாம்மா இது பேஜாரு? அந்த ஆளு வூடு எனக்குத் தெரியும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நாலு பேர இட்டுகினு போயி பேசறேன். நாளிக்கே வாபஸ் வாங்கிடுவான்."

"அவன் வீட்டுப் பக்கம் நீ போனேன்னு தெரிஞ்சுது, அப்புறம் என் வாசப்படி மிதிக்காதே" என்றார் அக்கா. "புகார் குடுத்தவனைத் தேடிப்போய்ப் பேசறது தப்பு. மிரட்டினாலும் தப்பு, கெஞ்சினாலும் தப்பு. கேள்வி கேட்டது கவுன்சில். பதில் அவங்களுக்குத்தான்."

"அவன் ஊரெல்லாம் உங்களைத் தப்பா சொல்லிகினு திரியறாம்மா."

"பொண்ணு கை வெந்துபோனா நீ சொல்ல மாட்டியா? போய் வேலையப் பாரு."

துரைராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நானாக இருந்தால் நாலு பேர் போதாது, எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போ என்றிருப்பேன்.

அக்காவின் தம்பி தேவானந்தம் சைதாப்பேட்டை கோர்ட்டில் வக்கீல். நல்ல மனிதர்தான். ஆனால் வக்கீல். பதில் தயாரிக்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே இங்கே வந்தார். அக்காவின் சாப்பாட்டு மேஜையில் என் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். தேவானந்தம் கார்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"நல்லா இருக்குக்கா. இதுவே போதும். ஆனா கீழே கொஞ்சம் இடம் காலியா இருக்கு பாருங்க. 'மருந்தை நிறுத்தக் கூடாது என்று தகப்பனாருக்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது' அப்படின்னு ஒரு வரி சேர்த்துட்டீங்கன்னா கேஸ் அதோட முடிஞ்சுது. அதே பேனாதானே? அதே இங்க்தானே?"

அக்கா கார்டை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"அன்னைக்கு எழுதாததை இன்னைக்கு எழுதினா அதுக்குப் பேரு கார்டு இல்ல தேவா."

"ஒரே ஒரு வரிக்கா."

"ஒரு வரி எழுதினா இந்த டின்ல இருக்கற அத்தனை கார்டும் பொய்தான். இருக்கறபடியே காப்பி எடுத்து அனுப்பு."

தேவானந்தம் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஒரு வரியில் ஆசை இருந்தது.

பதிலை நான் சொந்தமாக ஒரு முறை எழுதி வைத்திருந்தேன். நாலு பக்கம். அதில் சுப்பராயலுவுக்குப் படிப்பில்லாதவர், நன்றியில்லாதவர், கெட்ட எண்ணம் உள்ளவர் என்றெல்லாம் ஆங்கிலத்தில் நல்ல கனமான சொற்களாகத் தேடிப் போட்டிருந்தேன். அக்கா பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். முப்பது வருஷ சேவையைப் பற்றி நான் உருகி எழுதிய பாராவையும் அடித்தார். "அவங்க கேட்டது அந்தப் பொண்ணைப் பத்தி. என் புகழ் எதுக்கு?" என்றார். கடைசியில் ஒன்றரைப் பக்கம்தான் மிஞ்சியது. ஒரு ஆசிரியையின் கட்டுரையை இப்படி யாரும் அடித்ததில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி காகிதம் மாற்றினேன்.

"சரி, மாத்திரை குடுக்கறப்ப அந்த ஆள்கிட்ட நீங்க சொன்னது என்ன? சொன்னபடியே சொல்லுங்க, இங்கிலீஷ்ல போடணும்."

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான். நாளைக்கு ரெண்டு மாத்திரை குடுங்க, தீர்றதுக்குள்ள கூட்டிட்டு வாங்கன்னேன்."

நான் 'இரண்டு மாத்திரை' என்பது வரை ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, தேதியைச் சரிபார்க்க மனுவை எடுத்தேன். அந்த அசட்டு வரி கண்ணில் பட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, நல்லவேளை உங்க பதிலை நான் எழுதறேன். நீங்க சொன்னதை இந்த மனு எழுதினவன்கிட்ட மொழிபெயர்க்கக் குடுத்தா, நாளைக்குன்னா மறுநாள்னு எழுதிடுவான்."

தேவானந்தமும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"என்ன சொன்ன?" என்றார். "திரும்பச் சொல்லு."

நான் திரும்பச் சொன்னேன். பாதியிலேயே என் சிரிப்பும் நின்றுவிட்டது.

அக்கா அந்த வாக்கியத்தைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "நாளைக்கு ரெண்டு மாத்திரை." டாக்டர் சொல்வது போல ஒரு முறை. பிறகு, எதிரே பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் தகப்பன் கேட்பது போல ஒரு முறை. ஒரு நாளைக்கு இரண்டு என்பதை நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். மறுநாள் இரண்டு கொடு என்பதையும் அதே சொல்லில்தான் சொல்கிறோம். சொன்னவருக்கு ஒரு பொருள்தான் தெரியும், கேட்டவருக்கும் ஒரு பொருள்தான் தெரியும்.

"அவன் மறுநாள் ரெண்டு குடுத்தான்" என்றார் அக்கா. "மீதிய, திரும்ப வலிப்பு வந்தா குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருப்பான். தீர்றதுக்குள்ள வான்னு சொன்னேன். தீரவே இல்லியே, எப்படி வருவான்?" மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவன் பொய் சொல்லலப்பா. நான் சொன்னபடியே செஞ்சிருக்கான்."

தேவானந்தம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அக்கா, இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். பதில்ல இது வேண்டாம். கார்டுல தினம் இருவேளைன்னு இருக்கு. கார்டை அனுப்புவோம். அவன் பொய் சொன்னான்னு நாம சொல்லவே வேண்டாம், அவங்களே முடிவு பண்ணிப்பாங்க. நீங்க ஒரு பொய்யும் சொல்லப்போறதில்ல."

"தெரிஞ்சதுக்கு அப்புறம் கார்டைக் காட்டிட்டு நான் சும்மா இருந்தா அது பொய் இல்லாம வேற என்ன?"

"நீங்களே கத்தியத் தீட்டி அவங்க கையில குடுக்கறீங்க. எல்.எம்.பி.ன்னா ஏற்கெனவே இளக்காரம். வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க. பேரை எடுத்துட்டா என்ன செய்வீங்க? சொல்லுங்க, என்ன செய்வீங்க?"

அக்கா எழுந்துபோய் முன்னறையில் நின்றார். பெஞ்சு, பிஸ்கட் டின்கள், ஊசி காய்ச்சும் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன். ஊரையே திட்டும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு ஜெயா. இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"அப்ப தேவா சொல்றதக் கேளுங்கக்கா."

"பயமா இருக்குன்னுதான் சொன்னேன்" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "காகிதத்தைப் போடு."

என் டைப்ரைட்டரில் தமிழ் கிடையாது. அந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டேன். அக்கா பேனாவை எடுத்துத் தன் கையாலேயே, 'நாளைக்கு ரெண்டு மாத்திரை குடுங்க' என்று பேச்சில் சொன்னபடியே எழுதினார். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது இவ்வளவுதான்: இந்த வாக்கியத்துக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. நான் ஒன்றை நினைத்துச் சொன்னேன். மனுதாரர் மற்றதைப் புரிந்துகொண்டார். அவர் புரிந்துகொண்டது தவறு என்று சொல்ல முடியாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததற்காக வருந்துகிறேன்.

கெடுவுக்கு முன்பே பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று முதலே அக்காவின் முன்னறையில் பேச்சு மாறிவிட்டது. "தினமும் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கவர் காலியாகற வரைக்கும் தினமும். எங்க, நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்பார். சொல்லத் தெரியாமல் விழித்தவர்களுக்கு வழக்கமான திட்டு கிடைத்தது. ஒரு கல்லூரிப் பேராசிரியர், "நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று கோபித்துக்கொண்டார். "திருப்பிச் சொன்னாத்தான் மாத்திரை" என்றார் அக்கா. பேராசிரியர் ஒப்பித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அதைப் பார்த்ததில் நிரம்பத் திருப்தி.

கோடை விடுமுறையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மூன்று பேரும் போனோம். பதிலை டைப் செய்தவள் என்று சொல்லி தேவானந்தம் எனக்கும் உள்ளே ஓரத்தில் ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். நீள மேஜைக்குப் பின்னால் பெரிய டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். வெயிலுக்குக் கோட்டு எதற்கோ!

சுப்பராயலுவை அன்றைக்குத்தான் பார்த்தேன். மனதில் நான் வரைந்து வைத்திருந்த ஆள் இல்லை. ஒல்லியாக, வெளுத்த வேட்டியும் மேல்துண்டுமாக, தனியாக வந்திருந்தார். யார் கேட்டாலும் அடி விழப்போகிறது என்பது போலவே நின்றார். அவருக்கு அக்காவின் பதிலில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

நடந்ததைச் சொன்னார். அக்காவின் பதிலைப் படித்தாரோ இல்லையோ, உறுப்பினர்களில் ஒருவர் கார்டின் நகலைத் தட்டிக் காட்டினார். "இதோ பாருய்யா, தினம் இருவேளைன்னு எழுதியிருக்கு."

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. அம்மா வாயால சொன்னாங்க, நான் காதால கேட்டேன். மறுநாள் ரெண்டு குடுத்தேன். மீதிய சாமி படத்தாண்ட பத்தரமா வெச்சிகினு இருந்தேங்க."

"ரெண்டு மாத்திரைக்கு ஒரு கவர் குடுப்பாங்களா? மறந்துட்டு இப்ப பொய் சொல்லக் கூடாது."

சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டார். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சொல் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அக்கா எழுந்தார். தேவானந்தம் அவர் புடவை முந்தானையைப் பிடிக்காத குறை. "ஐயா, அவர் பொய் சொல்லல. என் பதில்ல எழுதியிருக்கேன். நாளைக்கு ரெண்டு மாத்திரை குடுங்கன்னு நான்தான் சொன்னேன். தினமும்னு நினைச்சுச் சொன்னேன். மறுநாள்னு அவர் எடுத்துக்கிட்டார். நான் சொன்ன வார்த்தைப்படி அவர் சரியாத்தான் செஞ்சார்."

நடுவில் இருந்த வயதான டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அப்படித்தான் சொல்றேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர் மேலே பார்த்தார். அந்த மேஜையில் இருந்த ஒவ்வொருவரும் அன்றைக்குக் காலையில்கூட யாரிடமாவது அதைச் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

கார்டைத் தட்டிக் காட்டியவர் மட்டும் விடவில்லை. "அப்படின்னா உங்க மேல தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"புரிஞ்சுதான்னு கேட்காம அனுப்பினது என் தப்பு. ஒத்துக்கறேன்."

தேவானந்தம் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது சுப்பராயலு ஓரடி முன்னால் வந்தார்.

"ஐயா, அந்தம்மா இப்ப சொன்னத இன்னொரு தபா சொல்லச் சொல்லுங்க."

"எதுக்குய்யா?"

"பொண்ணு கை வெந்ததிலேர்ந்து எம் பொஞ்சாதி என்னாண்ட பேசறதில்லீங்க. மாத்திரைய மறந்து தொலைச்சிட்டு டாக்டரம்மா மேல பழி போடறேன்னு சொல்லிட்டா. சோறு வெச்சாக்கூட பொண்ண வுட்டுத்தான் குடுத்தனுப்புவா. ஊரும் அதத்தான் சொல்லுது. எனக்கே சந்தேகம் வந்துட்டுது ஐயா, நாமதான் தப்பாக் கேட்டுட்டமோன்னு. அந்தம்மா சொல்லட்டும். நான் காதாலக் கேட்டுக்கறேன்."

அக்கா இந்த முறை மேஜையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னார். "நீங்க தப்பாக் கேக்கல சுப்பராயலு. நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க." சுப்பராயலு மேல்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். அத்தனை கோட்டுகளும் வேறு எங்கோ பார்த்தன. பல மாதங்களாக அந்த ஆளை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன், அத்தனையையும் அந்த அறையிலேயே விழுங்கினேன்.

முடிவு தபாலில் வந்தது. பெயரை நீக்கவில்லை. ஆனால் நோயாளிகளுக்குச் சொல்லும் விஷயத்தில் இனிக் கவனமாக இருக்க வேண்டும் என்று எச்சரிக்கை செய்து, அதை அவர் பெயருக்கு எதிரில் பதிவு செய்துவிட்டார்கள். "கார்டை மட்டும் அனுப்பியிருந்தா இதுவும் இருந்திருக்காது" என்று தேவானந்தம் மூன்று தடவை சொன்னார். எனக்கும் ஆத்திரம்தான். தாங்கள் தினமும் செய்கிற தப்புக்கு, அதை ஒத்துக்கொண்ட ஒரே ஆளை எச்சரிக்கிறார்களே என்று கத்தினேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இனி அவனைப் பார்க்கலாம், இல்ல தேவா? தடை ஒண்ணும் இல்லியே?"

"இல்ல" என்றார் தேவானந்தம்.

மறுநாள் சாயங்காலம் டிஸ்பென்சரியைச் சாத்திவிட்டு அக்கா குதிரை வண்டி வைத்தார். நானும் ஏறிக்கொண்டேன். சேலையூர், மேடவாக்கம் தாண்டி, ஏரிக்கரை ஓரமாகப் பெரும்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அக்கா சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கவுன்சிலுக்குப் போனபோதுகூட அவர் இவ்வளவு கலங்கவில்லை.

சுப்பராயலுவின் மனைவி செல்லியம்மாள் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறம் நின்றது. எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து தையல்நாயகி வந்து கதவோரம் நின்றாள். இடது கையை முந்தானையில் மறைத்திருந்தாள். சத்தம் கேட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து சுப்பராயலுவும் வந்து தள்ளியே நின்றார்.

அக்கா நேராகச் செல்லியம்மாள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எதையும் மறக்கல. நாளைக்கு ரெண்டு மாத்திரைன்னு நான் சொன்னேன், அவர் மறுநாள் ரெண்டு குடுத்தார். தினமும்னு நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு அவர் மேல இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

செல்லியம்மாள் அக்காவை உற்றுப் பார்த்தாள். "எம் பொண்ணு கை வருமா?" என்றாள்.

"கொஞ்சம் பிரிச்சு விடலாம், ஆபரேஷன் இருக்கு. பழையபடி வராதும்மா."

"ஆங்" என்றாள் செல்லியம்மாள். அது மன்னிப்பு இல்லை. அக்காவும் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. முறத்தில் இருந்த நெல்லைச் செல்லியம்மாள் விரலால் இங்கும் அங்குமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இன்னாயா நின்னுகினே கீற? காலைலேர்ந்து ஒண்ணும் துன்னலியே. வந்து குந்து, கஞ்சி ஊத்தறேன்."

சுப்பராயலு அசையவில்லை. மகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்னியா சொல்ற?" என்றார்.

"உன்னியத்தான்" என்றாள் செல்லியம்மாள். "வேற யார சொல்லப்போறேன்?"